முன்பல் முளைப்பதற்குள்

அன்புள்ளவனுக்கு,

"காது கேக்காத பிள்ளை முன்னால நமக்கு என்னடி வாசிப்பு?" என்று கிளாரினெட்டோடு உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

இன்று காலை, தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த என் ஓபோ குழலின் சீவாளியை நம் மகள் எடுத்து ஊதிவிட்டாள். இரண்டு தகடுகளும் அவள் உதடுகளுக்கு நடுவே அதிர்ந்தன. சிலையாக நின்றாள். பிறகு விரல்களால் சொன்னாள்: "அம்மா, உள்ள யாரோ இருக்காங்க!"

இத்தனை வருடம் ஊதியும் உதட்டுக்குக் கேட்கும் என்பதை நான் அறியவில்லை.

"அப்பாவோடது எப்படியிருக்கும்?"

அதில் ஒற்றைத் தகடுதான், மேற்பல்லை ஊன்றி ஊதினால் மண்டைக்குள்ளேயே அதிரும் என்றேன். உடனே கண்ணாடிக்கு ஓடி வாயைத் திறந்து பார்த்தாள். மேலே முன்பற்கள் இரண்டும் விழுந்திருக்கின்றன.

இனி தினமும் ஈறைத் தடவிப் பார்ப்பாள் போலிருக்கிறது. முளைப்பதற்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
பொக்கைவாய்க்காரியின் அம்மா