காய்க்காத நான்கு மரங்கள்

கப்பலில் இருக்கும் என்னவனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போன லீவில், "காய்க்காத மரம் எதுக்கு?" என்று தோப்பில் நம் பங்கிலிருந்த நாலு பிலிக்கொட்டை மரங்களை வெட்டிப் போட்டாயே, அவை ஆண் மரங்களாம். அவற்றின் மகரந்தம் இல்லாமல் பெண் மரம் காய்க்காதாம். இந்த வருஷம் பக்கத்திலிருக்கும் உன் அண்ணன் அன்செல்மோவின் பங்கில் வெறும் பூதான். வெந்நீரில் போட்டு மீன்சாறு தொட்டுத் தின்ன ஒரு பழமில்லை.

அவர் சண்டைக்கு வரவில்லை. தினமும் நம் வாசலில் உட்கார்ந்து, போன வருஷத்துப் பிலிக்கொட்டைகளை அரிவாளால் பிளந்தார். ஒரே வெட்டு. உள்ளே பருப்பு நசுங்குவதே இல்லை.

நேற்றோடு கொட்டை தீர்ந்தது. இன்றும் வந்தார். அரிவாளை மட்டும் தீட்டினார்.

"எட்டு வருஷமா உங்க வீட்லயும் காய்க்கலையேம்மா," என்று சிரித்தார். "காய்க்காதத வெட்டலாம்னு உன் புருஷன்தானே சொன்னான்? உங்க ரெண்டு பேர்ல எதுன்னு கேட்டு எழுது."

டாக்டர் உன்னைப் பற்றிச் சொன்னதை நான் சொல்லவில்லை. காய்க்காதது நான்தான் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

கதவுத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன்.

உன் மனைவி