ரேடாரும் பரணும்

அன்புள்ள அண்ணா,

நீ கப்பலில் பார்க்கும் ரேடார் வேலையைப் பற்றி நூலகத்தில் படித்தேன். அமெரிக்கா எண்ணெய் விற்பதை நிறுத்திய கோபத்தில் ஜப்பான் விமானங்கள் பேர்ல் ஹார்பர் என்னும் அமெரிக்கக் கடற்படைத் தளத்தைத் தாக்க வந்தபோது, கண்ணுக்கெட்டாத தொலைவிலேயே ரேடார் அவற்றைக் காட்டிவிட்டதாம்! எனக்குப் புல்லரித்தது. ஆனால் அங்கிருந்த அதிகாரி, நம் விமானங்கள்தான் என்று விட்டுவிட்டார். ஒரே காலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்; அந்தப் போர் அணுகுண்டில் போய் முடிந்தது.

அம்மா கேட்டுவிட்டு, "காவல் பரண்ல ஒருத்தன் காட்டுப்பன்னினு கத்தினா நாம படுத்துக்கினா இருப்போம்?" என்றாள்.

முந்தாநாள் சாமைக்காட்டுப் பரணிலிருந்து நான் கத்தினேன். ஊரே ஓடி வந்தது. நின்றது மாதன் மாமாவின் மாடு. சிரித்தார்கள், யாரும் திட்டவில்லை.

உன் திரையில் புள்ளி தெரிந்தால் நீயும் கத்து, அண்ணா. மாடாகவே இருக்கட்டும்.

உன் தங்கை