சுண்ணாம்பு போட்ட சுவர்

அக்கரப்பத்தனை, மேல்கணக்கு
14.3.1961

அன்பு மகன் பழனியாண்டிக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், கொழும்பு வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை மறைக்காமல் எழுது. உன் அண்ணி பூரணியும் குழந்தையும் சுகம். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது, அடுத்த மாதம் பூரணி கொழுந்தெடுக்கப் போகவேண்டும், குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில்தான் விடவேண்டும். நீ தவழ்ந்த அதே இருட்டறைதான், ஒரு ஜன்னல் கிடையாது, உட்சுவரெல்லாம் ஈரம் ஊறி உதிர்கிறது. அதைத் திருத்தித் தரும்படி தோட்டத்துத் துரையிடம் கேட்டோம். சாமான் தோட்டம் தரும், வேலையை நீங்களே செய்துகொள்ளுங்கள், இடிக்கக் கூடாததை இடித்தால் பிள்ளைக்காம்பராவை அன்றோடு பூட்டிவிடுவேன் என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லியனுப்பினார். பூட்டினால் பூரணி குழந்தையோடு லயத்து வீட்டில் உட்கார வேண்டியதுதான், வேலைக்குப் பேரும் விழாது, சம்பளமும் வராது.

முந்தாநாள் ஞாயிறு, விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவேண்டாத நாள், உதிர்ந்த உட்சுவர்களை இடித்துக் கட்ட நாற்பது பேர் வந்துவிட்டார்கள். கூலி இல்லாத வேலைக்கு இவ்வளவு ஆளா என்று எனக்கே அதிசயம். கங்காணி விரட்டினாலும் அசையாத வீரய்யா சுவர் இடிக்கும் அலவாங்கோடு முதல் ஆளாக நிற்கிறார்! லிந்துலை மேசன் இப்றாஹிம் பாஸ் சனிக்கிழமையே வந்து சில சுவர்களில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார், மறுநாள் காலை பஸ் இல்லாமல் அவர் வரத் தாமதம். நம் தோட்டத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்ட சவுக்குமரம் என்றால் வெட்டவேண்டிய மரம் அல்லவா? உன் அப்பா பெரிய மேசன் பாஸ் மாதிரி நின்று, "வட்டத்தப் பாத்து அடிங்கடா" என்றார். மலைப்பக்கச் சுவர் பொத்தென்று விழுந்தது. பத்து மணிக்கு பாஸ் வந்து தலையில் கைவைத்து, "நிக்க வேண்டிய சுவருக்குத்தானே சுண்ணாம்பு போட்டேன், யாரு ஒங்கள இடிக்கச் சொன்னா" என்றார். எல்லோரும் உன் அப்பாவைப் பார்த்தார்கள், அவர் அலவாங்கைப் பார்த்தார். நல்லவேளை, பாஸ் மரங்களை முட்டுக்கொடுத்துக் கூரையை நிறுத்திவிட்டார்.

கண்டாக்கையாவிடம் என்ன பொய் சொல்வது என்று அவர்கள் கூடிப் பேச, எனக்கோ அந்த இடைவெளியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சுவர் இருந்த இடத்தில் ஐந்தாம் நம்பர் மலை முழுக்கத் தெரிந்தது. அங்கே கொழுந்தெடுத்துக்கொண்டே இந்தச் சுவரை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன், உள்ளே நீ தூங்குகிறாயா அழுகிறாயா என்று தெரியாமல். இங்கிருந்து மலை தெரிந்தால் மலையிலிருந்து இந்த இடம் தெரியாதா? பூரணியைக் குழந்தையோடு அங்கே நிற்கச் சொல்லிவிட்டு மூச்சிரைக்க மேலே ஏறினேன். அந்த நேரம் பார்த்துக் கண்டாக்கையா பாதையில் வந்து, ஞாயிற்றுக்கிழமை மலையில் என்ன வேலை என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. "சுவரு ஒண்ணு தப்பா விழுந்திருச்சுங்கய்யா, ஆனா கோவிக்காம இங்கேருந்து பாருங்க" என்று கையைக் காட்டினேன். சிவப்புத் துணியில் குழந்தை தெரிந்தது, பூரணி அதன் கையைப் பிடித்து ஆட்டியதுகூடத் தெரிந்தது. அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, அந்தச் சுவரைக் கட்டும்போது பெரிய ஜன்னலாக வைக்கச் சொல், துரையிடம் நான் பேசுகிறேன் என்றார். நேற்று துரையும் சரி என்றுவிட்டாராம்.

வரும் ஞாயிறு சுவர் எழுப்புகிறோம், வெட்கத்தில் இரண்டு நாளாய் வெளியே தலைகாட்டாத உன் அப்பாவும் மண் குழைக்க வருகிறார். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, சித்திரைக்கு லீவு கேட்க மறந்துவிடாதே. ஆத்தா உன்னை நூறு வயது நன்றாக வைக்கட்டும். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. கண்டாக்கையா போன பிறகும் நான் மலையிலிருந்து இறங்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னாலேயே யாராவது அந்தச் சுவரைத் தப்பாக இடித்திருந்தால் நீ அழுததையெல்லாம் நான் பார்த்திருப்பேனே மகனே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மீனம்மா