உறைக்குள் இருந்த மோதிரம்

வேதமணியின் அப்பாவுக்கு,

ராஜபாளையம் மில்லிலிருந்து வந்ததும் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். டாக்டரம்மா என்னை ரயிலில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். விரலில் கிளம்பிய சிவப்புக் கோடு முழங்கையைத் தாண்டிவிட்டது. "கை போனாலும் உயிர் நிக்கணும், தேவகிருபை" என்கிறார்கள்.

பிள்ளை பக்கத்து வீட்டு நூர்பானு அக்காவிடம் இருக்கிறாள். உங்களுக்கும் சோறு அங்கேதான். நான் அடுப்பைத் தொடவில்லை. என் டம்ளரையும் படுத்த துணியையும் இருபது நிமிஷம் கொதிக்க வையுங்கள். அதுவரை பிள்ளை உள்ளே வரக்கூடாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கை தேய்த்துக் கழுவுமுன் நர்சுகள் மோதிரத்தைக் கழற்றுவது ஆபரேஷன் தியேட்டர் சட்டம். "கோயில்ல நான் போட்ட மோதிரத்த தெனம் கழட்டுதியே, எவனுக்காவ?" என்று கேட்டீர்களே, அந்த ரோஷத்தில் செவ்வாய்க்கிழமை கழற்றாமலே ரப்பர் உறையை மாட்டினேன். அன்றைக்கு அறுத்தது சீழ் பிடித்த வயிறு. மோதிரம் குத்தி உறை கிழிந்து, சீழ் என் விரல் கீறலில் இறங்கிவிட்டது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

நாளைக் காலையில் கத்தி வைக்கிறார்கள். அதற்குமுன் வந்துவிடுங்கள்.

தேவகிருபை

பி.கு.: மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே கொதிக்க வைத்து வாங்கி உங்கள் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒட்டவைக்க ஆசாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் விரல் வீடு வந்து சேரட்டும்.