சிவப்புத் தரை

ஆகஸ்ட் 9

இல்லை, முற்றத்தில் நான் போடப்போகும் தோட்டம் அழகுக்காக மட்டும் இல்லை. அம்மா அப்படித்தான் நினைக்கிறாள். தோட்ட வடிவமைப்பு படித்த மகள் வீட்டு முற்றத்தை வைத்துப் படம் வரைந்து பழகுகிறாளாம்.

பிரேசிலின் இந்த மலை நகரத்தில், பெலோ ஒரிசோன்ட்டியில், சரிவில்லாத தெரு ஏது? மேலே எங்கள் வீடு. மதிலுக்குக் கீழே டோனா சுல்மிராவின் வீடு; 'டோனா' இங்கே 'அம்மையார்' மாதிரி. எங்கள் முற்றம் முழுக்கச் சிமெண்டு. பெய்கிற மழையில் ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. எல்லாம் மதிலடியில் நுழைந்து அவள் சமையலறைக்குப் போகும். ஜனவரியில் அவளுடைய மரவள்ளி மாவு டப்பாக்கள் மிதந்தன. "மழையை நானா பெய்யச் சொன்னேன்?" என்று அம்மா கேட்டதுதான் இருவருக்கும் கடைசிப் பேச்சு. என் வயதைவிடப் பழைய சிநேகம்.

ஆகஸ்ட் 17

அம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். கூரைக்குழாயிலிருந்து வளைந்து வரும் கால்வாய், அதில் சாம்பல் நிறக் கூழாங்கற்கள். மதிலுக்கு முன்னால் ஆழமில்லாத பள்ளம், அதில் கல்வாழை. தண்ணீர் அங்கே நின்று, மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும்.

"சேறு வேணாம்னுதான்டி உங்கப்பா சிமெண்டு போட்டாரு. நீ குழி வெட்டி அதைத் திரும்பக் கூட்டிட்டு வர்றியா?"

அப்பா சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து, கொத்தனார் கரண்டியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய தரை. அவர் போன பிறகும் சனிக்கிழமைதோறும் அம்மா மண்டியிட்டு மெழுகு போடுகிறாள். சின்ன வயதில் காலுறையோடு அதில் சறுக்குவேன். விழுவேன். டோனா சுல்மிரா மதில்மேல் கன்னத்தை ஊன்றி, எத்தனையாவது பல் போச்சு என்று கேட்பாள்.

ஆகஸ்ட் 18

வளரும்வரை என் முழங்கால்கள் சிவப்பாகவே இருந்தன.

செப்டம்பர் 3

கீழ்வீட்டில் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகை.

இன்னொரு மழைக்காலத்தைத் தாங்க முடியாது, அதற்குமுன் விற்றுவிட்டு டோனா சுல்மிரா தன் மகள் ஊருக்குப் போகிறாள் என்று ரொட்டிக்கடையில் சொன்னார்கள். அம்மா ஜன்னலோரம் நின்றாள். காப்பி ஆறியது. "போகட்டும்" என்றாள். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி கேட்டாள்:

"உன் குழியில தண்ணி நெசமாவே இறங்குமா?"

"இறங்கும்மா."

"அப்ப உடை. ஆனா அப்பா போட்ட தரையில ஒரு துண்டுகூட வாசலைத் தாண்டக் கூடாது."

செப்டம்பர் 7

சம்மட்டியால் முதல் அடி அடித்தபோது உள்ளே வானொலியின் சத்தம் கூடியது.

சிமெண்டுக்கு அடியில் மண்ணும் சிவப்புதான். இத்தனை வருடம் எதை எதிலிருந்து காப்பாற்றினோம்?

செப்டம்பர் 14

பழைய வரைபடத்தைக் கிழித்துவிட்டேன். கூழாங்கல் வேண்டாம். உடைந்த சிவப்புத் துண்டுகளைச் செங்குத்தாக நட்டுக் கால்வாய்க்குக் கரை. பெரிய துண்டுகள் பள்ளத்தைக் கடக்க நடைகற்கள். நிபந்தனை போட்டது அம்மா. வடிவம் அதிலிருந்துதான் வந்தது. இதை அவளிடம் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 4

முதல் மழை. தண்ணீர் பள்ளத்துக்கு வந்தது, நின்றது. நின்றுகொண்டே இருக்கிறது.

அக்டோபர் 6

இன்னும்.

"மீன் வாங்கிட்டு வரட்டுமா?" என்கிறாள் அம்மா. இங்கே டெங்குக் கொசு. அங்கே பலகை. துண்டுகளைச் சுமந்து குறுக்கும் நெடுக்கும் நடந்து மண்ணை நானே மிதித்து இறுக்கியிருக்கிறேன். இவ்வளவு படித்து, சொந்தக் காலை மறந்தேனே. வாளியால் இறைத்தேன். மண் கிளறும் முள்கருவியால் ஆழக் கிளறி, மணலும் மக்கிய இலையும் கலந்தேன். கல்வாழையை மறுபடி நட்டேன்.

நவம்பர் 12

பெருமழை, மாலை முழுக்க. நானும் அம்மாவும் ஒரே குடையில். குழாயிலிருந்து பாய்ந்த தண்ணீர் முதல் வளைவில் வேகம் குறைந்தது, சிவப்புக் கரைகளுக்கிடையே திரும்பியது, கல்வாழைத் தண்டைச் சுற்றி ஏறியது. ஏறியது. விளிம்புக்குக் கீழே நின்றது. மதிலடிக்கு வரவில்லை.

நவம்பர் 13

மதியம் பள்ளத்தில் வெறும் ஈரம்.

நவம்பர் 15

சனிக்கிழமை. அம்மா மெழுகு டப்பாவோடு பள்ளத்தில் மண்டியிட்டு நடைகற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மழையில் போய்விடும், வேருக்கு ஆகாது என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதிலுக்கு மேலே ஒரு தலை.

"ஏண்டி யுனீஸ், தோட்டத்துக்கு எவளாவது மெழுகு போடுவாளா? முத்திடுச்சா உனக்கு?"

அம்மா நிமிரவில்லை. "வழுக்கி விழணும்னா வந்து நடந்து பாரு."

"கதவைத் தொறக்கச் சொல்லு" என்றாள் டோனா சுல்மிரா.

திறக்கப் போனபோது பார்த்தேன். பலகை இன்னும் அங்கேதான். அதன்மேல் அவளுடைய தரைத்துணி காய்ந்து விறைத்துத் தொங்குகிறது; அந்தப் பெருமழைக்கும் அதற்கு வேலை வரவில்லை.

கதவைத் திறந்துவிட்டு வந்தேன். இன்னொரு துணியை எடுத்து, அம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன்.