இரண்டு முழம் மல்லிகை

ஆவணி 18, புதன்

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இன்று கடலூரிலிருந்து அண்ணாமலை நகருக்குப் போனேன். அடுத்த வாரம் வேலையில் சேர டிகிரி சர்டிபிகேட் வேண்டும். அவன் பிறந்து நாற்பத்தைந்து நாளில் நான் அவனை விட்டு வெளியே போனது இதுதான் முதல் தடவை.

ஜாக்கெட்டுக்குள் இரண்டு பக்கமும் கைக்குட்டையை மடித்து வைத்திருந்தேன். பல்கலைக்கழக அலுவலக வரிசையில் எனக்குப் பின்னால் யாருடைய குழந்தையோ அழுதது. அவ்வளவுதான், பால் சுரந்து புடவை வரைக்கும் நனைந்துவிட்டது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி, "ஃபைல குடும்மா" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அவர் பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "ரெண்டு முழம் மல்லிய மார்ல வெச்சிக் கட்டு. ரெண்டே நாள்ல பால் வத்திடும். நான் வேலைக்கு வந்தப்ப எனக்கும் அப்படித்தான் கட்டுனாங்க" என்றார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மாவுக்கு வாசனை தெரிந்துவிட்டது. "பூ யாருக்குடி?" என்றாள். சாமிக்கு என்றேன். ஒரு முழத்தை அறுத்துக் கொடுத்தேன். படத்துக்குப் போட்டாள்.

பையன் முட்டி முட்டிக் குடித்தான். மறுபக்கம் தானாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. இப்போது தூங்குகிறான்.

மீதி ஒரு முழம் வாடிவிடக் கூடாதே என்று, கைக்குக் கிடைத்த ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். இப்போதுதான் பார்க்கிறேன், அது பாலில் நனைந்த என் கைக்குட்டை.