நத்தார் தட்டு

அல்வால்,
டிசம்பர் 28.

அன்பு மகள் ஷோபாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே இருவரும் நலம், மூட்டுவலி இருந்தும் அம்மாவிடமிருந்து இந்த மாதம் முழுக்க ஒரு முனகல்கூட இல்லை, பழிவாங்கும் வேலை உடம்புக்கு நல்லது என்று தெரிகிறது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

மாதா கோயில் தமிழ்ப் பாடகர் குழுவுக்கு இந்த வருடம் மோகன் செயலாளர், நம் மேல்மாடிக்குச் சென்னையிலிருந்து குடிவந்த ஐடி பிள்ளை. அம்மா வருடாவருடம் தனியாகப் பாடும் பாட்டில் நத்தார் என்று வருகிறதல்லவா, அதை எடுத்துவிட்டுக் கிறிஸ்துமஸ் என்று பாடச் சொன்னான். அம்மா மாட்டேன் என்றாள். ஆன்ட்டி, இது சிலோன் இல்லை, ஹைதராபாத், அந்த வார்த்தை இங்கே ஒருத்தருக்கும் புரியாது, பைபிளிலும் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிப் பாட்டையே நீக்கிவிட்டான். கிறிஸ்துமஸ் எந்த அதிகாரத்தில் வருகிறது என்று பணிவாகக் கேட்டேன், பார்த்துச் சொல்கிறேன் அங்கிள் என்றான், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான். நத்தார் என்றால் பிறப்பு, போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். மன்னாரிலிருந்து படகேறியபோது அம்மா வீட்டாருக்கு நகைநட்டெல்லாம் போய், கரை சேர்ந்தது அந்தச் சொல்லும் பயற்றம் பணியாரக் கைப்பக்குவமும்தான். ஒன்றைப் பறித்தவனை அவள் மற்றதால் அடித்தாள்.

பண்டிகைக்கு முன்தினம் வீடு வீடாகப் பணியாரத் தட்டு அனுப்புவோமே, இந்தத் தடவை அனுப்பவில்லை. வாசலுக்கு வந்து நத்தார் வாழ்த்து சொல்பவருக்கே தட்டு என்று சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு இர்பான் பாய் முதல் ஆளாக வந்து நத்தார் முபாரக் பாபி என்றார். வாட்ச்மேன் ராகவேந்திரா, நத்தார் சுபாகாங்க்ஷலு அம்மா என்று இரண்டு தரம் வந்தான். சாயங்காலத்துக்குள் லிப்டில் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாம் மோகனிடம், ஹாப்பி நத்தார் சார், உங்க பண்டிகைதானே என்று கை குலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தருக்கும் புரியாத வார்த்தை என்று அவன் எடுத்துச்சொல்ல நல்ல சந்தர்ப்பம், ஏனோ சொல்லவில்லை.

பண்டிகையன்று மத்தியானம் அவனே வந்து நின்றான். அவன் மனைவி உஷா பிள்ளைத்தாச்சி, பணியார வாசனை மேல்மாடி ஏறிவிட்டது. மெர்ரி கிறிஸ்துமஸ் ஆன்ட்டி என்றான். அது இங்கே செய்யவில்லை தம்பி என்று அம்மா கதவை மூடப்போனாள். நத்தார் வாழ்த்து என்றான், மெதுவாக. காது கேட்கவில்லை என்றாள், அடுத்த தெருவில் பால்காரன் மணியடித்தால் கேட்கிறவள். இர்பான் பாய் வீட்டுக் கதவு திறந்த பிறகு, மூன்றாம் தரம்தான் கேட்டது. போனால் போகட்டும் விடு என்று நான் சொல்லியிருக்கலாம், நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அடுத்த வருடம் பாட்டு உண்டு என்று அவனாகவே சொன்னான். உஷாவுக்கென்று இரண்டு தட்டு கொடுத்தாள், அவனுக்கென்று ஒன்றுமில்லை.

தலை ஈரத்தோடு வெளியே போகாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஒன்று மறந்தேன், உன் பங்குப் பணியாரம் டப்பாவில் கட்டி, விலாசமும் எழுதி, அலமாரி மேலேயே இருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி காலையில் வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய மெர்ரி கிறிஸ்துமஸை அம்மா படித்துவிட்டாள். சீக்கிரம் போன் செய், முதல் வார்த்தையைச் சத்தமாகச் சொல், அவளுக்குக் காது கேட்கவில்லை.

இப்படிக்கு,
டப்பாவைத் தொட அனுமதியில்லாத உன் அப்பா